வடக்கே தலை வைக்காத இன்ஜினியர்

இருட்டினதும் "ம்ம்ம்" என்று ஓர் உறுமல். பேய் இல்லை, வீட்டுக்கார வேதநாராயணன் சாரின் இன்வெர்ட்டர். கீழே அவர் வீட்டில் இடமில்லையாம். மாடியில் எங்கள் படுக்கையறையில், பாப்பாவின் தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி வைத்திருந்தார். நினைத்தபோதெல்லாம் அதைப் பார்க்க உள்ளே வருவார். கதவைத் தாழ் போடக் கூடாது என்பது அவர் சட்டம்.

"சார், இதுலேர்ந்து வர்ற மின்காந்த அலை குழந்தைக்கு ஆகுமா ஆகாதான்னு பயமா இருக்கு. கீழ எடுத்துக்குங்க," என்றேன்.

அவர் ரிட்டயர்டு இன்ஜினியர். பக்கத்தில் நின்ற தன் மனைவியை, மாமியைப் பார்த்துச் சிரித்தார். "கான்வென்ட்ல இதைத்தான் சொல்லிக் குடுத்தாளா? அந்த அலையால கெட்டுப்போன உடம்பு செல் ஒண்ணு கொண்டுவந்து காட்டு, எடுக்கறேன்."

"சரி சார், இருக்கட்டும். எங்க கட்டிலை வடக்கே தலை வெச்சுத் திருப்பிக்கறோம். தொட்டிலைத் தள்ளி வைக்க இடம் கிடைக்கும்."

பதறிவிட்டார். "வடக்கேயா? பூமியோட காந்தம் மூளையைத் தாக்கும்மா!"

"கெட்டுப்போன மூளை செல் ஒண்ணு காட்டுங்க சார், திருப்பாம இருக்கேன்."

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஓட்டல்லகூட கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்ற மனுஷர் இவர்!"

"எனக்கும் நிச்சயமாத் தெரியாது சார். தெரியாத பயத்துக்கு நீங்க கட்டிலைத் திருப்பலாம், நான் தொட்டிலைக் காப்பாத்தக் கூடாதா?"

மறுநாள் சாயங்காலத்துக்குள் இன்வெர்ட்டர் அவர் கூடத்துக்கே இறங்கிப் போனது. பாப்பா தூங்கிவிட்டாள். குடிவந்த ஐந்து மாதத்தில் முதல் தடவையாக எழுந்து போய், என் கதவை உள்ளேயிருந்து தாழ் போட்டேன்.