கொடைக்கானலுக்காகக் கொதித்த வேன்

எங்க அக்கா பவுன்தாய்க்கு வாய்த்த வீட்டுக்காரர் ஒச்சப்பன் மச்சான் உண்மை பேசி உசிலம்பட்டியில் கேட்டவர் யாரும் கிடையாது. எனக்கு மட்டும் ஒரே ஒரு தடவை அந்தப் பாக்கியம் கிடைத்தது. அதுவும் ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில், அவருடைய வேன் கொதித்து நின்ற அன்றைக்கு.

வெள்ளிக்கிழமை காலை. வேனுக்குள் நான், அக்கா, சங்கிலிச் சித்தப்பா, பித்தளைக் குடம், பட்டுப்பாவாடை, வாழைத்தார், கடைசி சீட்டில் கட்டிப்போட்ட ஒரு கிடா. எல்லாம் தாய்மாமன் சீர். மச்சானுடைய தங்கச்சி ஈஸ்வரியின் மகளுக்கு அன்றைக்குக் காதுகுத்து. கணவாயைத் தாண்டியதும் கோயில். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் குத்தியாக வேண்டும்.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது எங்கள் பக்கம் வழக்கம். ஈஸ்வரிக்கு அண்ணன்மார் இரண்டு பேர். மூத்தவர் மச்சான், இளையவர் மாயன். மூத்தவர் மடி இருக்கும்போது இளையவர் மடிக்கு வேலை இல்லை. ஆனால் ஈஸ்வரியின் முதல் பிள்ளைக்குக் காது குத்தியபோது இதே வேன் இதே கணவாயில் ஆவி கக்கி நின்றது. மச்சான் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். காதுகுத்து மாயன் மடியில் நடந்து முடிந்திருந்தது. அந்த வயிற்றெரிச்சலில்தான் மச்சான் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ், ஃபேன் பெல்ட் எல்லாவற்றையும் புதுசாக வாங்கினார். மெக்கானிக்கை நம்பாமல் தன் கையாலேயே மாட்டினார். இப்போது குத்தப் போவது ஈஸ்வரியின் கடைசிப் பிள்ளைக்கு. இதையும் விட்டால் மச்சானுக்கு இந்த ஜென்மத்தில் இன்னொரு காது கிடையாது.

அப்படிப்பட்ட நாளில் வேன் இட்லிக் கொப்பரை மாதிரி ஆவி விட்டுக்கொண்டு நின்றது.

மச்சான் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஒண்ணுமில்ல. ஏத்தம்ல, வண்டி மூச்சு விடுது."

"மூச்சு விடலடா, உசுரை விடுது," என்றார் சங்கிலிச் சித்தப்பா. "மூடியைத் தொற, தண்ணி ஊத்துவோம்."

"தொடாதீக சித்தப்பா! கொதிக்கையில மூடியைத் தொறந்தா தண்ணி பீச்சியடிச்சு மூஞ்சி வெந்துபோகும். ஆறட்டும்."

எனக்குக் கேட்கக் கிடைத்த அந்த ஒரே உண்மை இதுதான். சரி, இன்ஜின் ஆறும்வரை மச்சான் சும்மா நிற்பாரா?

"பெல்ட்டு லூசா மாட்டியிருப்படா," என்று சித்தப்பாதான் வாயைக் கொடுத்தார்.

"லூசா? நான் மாட்டுன பெல்ட்டா?" மச்சான் தூரத்தில் தெரிந்த காற்றாலைகளைக் காட்டினார். "அந்தா நிக்கிதுல்ல காத்தாடி, அதுககிட்டக் கேளுங்க. பெல்ட்டை மாட்டி ஃபேனை ஒரு சுத்து விட்டேன். அன்னைக்குப் பொட்டுக் காத்து இல்ல, அம்புட்டுக் காத்தாடியும் தூங்கிக்கிட்டு நிக்கிது. என் ஃபேன் சுத்தவும் எல்லாம் முழிச்சுக்கிட்டுச் சுத்துது பாருங்க! காத்தாடி ஆபீஸ்காரன் தலைதெறிக்க ஓடியாரான். 'அண்ணே, எல்லாம் எதிர்ப்பக்கமாச் சுத்துது, தயாரிச்ச கரண்டு பூராம் திரும்ப உள்ள போகுது, நிப்பாட்டுங்க'ண்டு கால்ல விழுந்துட்டான்."

"அன்னைக்கு நம்ம தெருவுல கரண்டே இல்லையே மச்சான்?" என்றேன்.

"அதத்தானே மாப்ள சொல்றேன். எல்லாம் திரும்பப் போயிருச்சு."

சித்தப்பா விடுவதாக இல்லை. "அப்படின்னா பம்பு தண்ணி தள்ளல."

"பம்பா!" மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். நல்ல சரக்கு வரப்போகிறது என்று அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "பம்பைச் சோதிக்கணும்ல? ஹோஸ் நுனியக் கொண்டுபோயி வைகை அணையில போட்டேன். ஒரே ஒரு இழு. அணை காலி! மீனெல்லாம் சேத்துல நின்னுக்கிட்டு என்னைய வையுது. இன்ஜினியர் கையெடுத்துக் கும்பிட்டாரு. 'ஒச்சப்பன், இந்தத் தண்ணிய நம்பி நாலஞ்சு ஜில்லா இருக்குய்யா'ண்டாரு. பெரிய மனுசன் கேக்குறாரேன்னு திருப்பி விட்டேன். விட்டதுல கொஞ்சம் கூடிப்போயி மதகைத் தொறக்க வேண்டியதாப் போச்சு."

"அம்புட்டுத் தண்ணியையும் எதுலடா வெச்சிருந்த?"

"ரேடியேட்டர்லதான். புதுசுல்ல!"

"வீட்டுல ஒரு கொடம் தண்ணி பிடிச்சுத் தர வக்கில்ல, அணையக் குடிச்சாராம்," என்று முந்தானைக்குள்ளிருந்து அக்கா குரல் வந்தது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஈஸ்வரி. "எங்கிட்டுண்ணே இருக்க? ஆசாரி வந்து உக்காந்திருக்காரு. பத்தரை தாண்டுனா மாமியா வீட்டுல ஒத்துக்க மாட்டாக. எல்லாரும் சின்னண்ணனை உக்காரச் சொல்றாக."

"வந்துட்டேன் தாயி. கோயில் மணிச் சத்தமே கேக்குது," என்றார் மச்சான். கேட்டது கிடாயின் கழுத்து மணி.

போனைப் பையில் வைத்தார். ரோட்டில் வேறு வண்டி ஏதாவது வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆவி பட்டுவிட்டது என்று துடைத்துக்கொண்டார். எனக்குப் பாவமாகிவிட்டது. இந்த மனுசன் கண்ணைத் துடைப்பதைப் பார்ப்பதற்குப் பதில் அவருடைய புளுகையே கேட்டுவிடலாம். "ரேடியேட்டர் எப்படி மச்சான், நல்லாக் குளிருமா?" என்று நானே எடுத்துக்கொடுத்தேன்.

பிடித்துக்கொண்டார். "குளிருமாவா? மாப்ள, கத்திரி வெயில்ல தேனிக்கு ஒரு சவாரி. வண்டியில ஏறுன கெழவிக அம்புட்டும் காதுல துண்டைக் கட்டிருச்சுக. சைலன்சர்ல பொகையா வரும்? ஐஸ்கட்டி விழுகுது! மதுரை ஜிகர்தண்டாக்காரன் பூராம் தள்ளுவண்டியோட என் பின்னாலேயே ஓடியாரான். ஒரு மாசம் மதுரைக்காரன் எவனும் கொடைக்கானல் போகல. எல்லாம் சால்வையப் போத்திக்கிட்டு என் வேன் பின்னாடி நிக்கிறான், போட்டா எடுக்குறான். புதுசாக் கல்யாணம் ஆனதுககூட அங்கதான் நிக்கிதுக. லாட்ஜ்காரங்க எல்லாம் மலையிலருந்து எறங்கி வந்து, 'அண்ணே, எங்க பொழப்புல மண்ணைப் போடாதீக'ண்டு அழுகுறாங்க. எனக்கு எளகுன மனசு. நானே ஸ்பானரை எடுத்துக் குளிரைக் கொறைச்சு வெச்சேன். கொறைக்கையில ஒரு திருகு கூடிப்போச்சு. இப்ப ஆவி வருதுல்ல? கொடைக்கானல்காரன் நல்லா இருக்கட்டும்னு நான் படுற பாடு இது."

கடைசி சீட்டில் கிடா தும்மியது.

"பாத்தீகளா? இன்னும் குளிரு விடல அதுக்கு."

சித்தப்பா கிடாவைத் திரும்பிப் பார்க்கும்போதே மேலேயிருந்து ஒரு டிராக்டர் தடதடவென்று இறங்கி வந்து திரும்பி நின்றது. ஓட்டி வந்தது மாயன். பட்டு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார்.

"நீ எதுக்குடா வந்த?" என்றார் மச்சான். 

"நான் உக்காரத்தான் போனேன். பாப்பா என் மடிக்கு வரமாட்டேங்குது. கதை சொல்ற மாமாதான் வேணும்னு காலை உதைக்குது. போன தடவை மாதிரி நீ இங்கதான் நிப்பேன்னு வந்தேன்." மாயன் வேனைச் சுற்றிப் பார்த்தார். "புது ரேடியேட்டர் மாட்டுனியே, மூடியைத் தொறந்து வெச்சு இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, உள்ள சிக்குன காத்தை எடுத்தியா?"

மச்சான் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் டீக்கடையில் புது ரேடியேட்டரின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நானே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"காத்துக்கு என் வண்டிக்குள்ள என்னடா வேலை? என்னையக் கேக்காம எப்படி வரும்?"

"கேக்காமத்தான் வந்திருக்கு. அது தண்ணிய ஓடவிடாம வழியில உக்காந்திருக்கு. இப்ப எடுக்க நேரமில்ல, ஏறு." மாயன் இரண்டு வண்டிக்கும் நடுவில் வடக்கயிற்றைக் கட்டினார். தம்பி இழுக்க, அண்ணன் ஸ்டியரிங் பிடிக்க, கிடா வழிநெடுகக் கத்த, கணவாயைத் தாண்டினோம்.

கோயில் வாசலில் ஊரே நின்று அந்த ஊர்வலத்தைப் பார்த்துச் சிரித்தது. மச்சான் யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் நேரே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாப்பா தனுஸ்ரீ ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். ஐந்து வயசு, முடியெடுத்த தலையில் சந்தனம். ஆசாரி கையில் ஊசியைப் பார்த்ததும் அவளுக்கு உதடு பிதுங்கியது.

"அழுகாத பாப்பா, மாமாவைப் பாரு," என்றார் மச்சான். "நான் எப்படி வந்தேன் தெரியுமா?"

"சின்ன மாமா டிராக்டர் இழுத்துச்சு."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாக. சின்ன மாமா டிராக்டருக்கு ஏத்தம் ஏற முடியல பாப்பா. நடுரோட்டுல நின்னு அழுகுது. நான்தான் என் வேனை வெச்சு அதைத் தள்ளிக்கிட்டே வந்தேன்."

பாப்பா வாயைப் பிளந்தாள். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். "ஸ்" என்றாள், அவ்வளவுதான்.

"தள்ளுன வேகத்துல டிராக்டர் பறக்குது. சின்ன மாமா பயந்துபோயி, 'அண்ணே மெதுவாத் தள்ளு, வேட்டி அவுருது'ண்டு கத்துறான். நான் விடலையே!"

மாயன் பக்கத்தில்தான் நின்றார். வாயை மூடிச் சிரித்துக்கொண்டே, அவிழ்ந்துவிட்ட மாதிரி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஆசாரி இன்னொரு காதையும் குத்தி முடித்தார். ராகுகாலம் இன்னும் பிறக்கவில்லை. ஈஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு குலவையிட்டாள்.

பாப்பா மட்டும் வாசல் பக்கம் திரும்பி, கயிறு அவிழ்க்காமல் நின்ற இரண்டு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமா, கயித்தைக் கட்டி இழுக்கத்தானே முடியும்? எப்படித் தள்ள முடியும்?"

கோயிலே கொல்லென்று சிரித்தது. சங்கிலிச் சித்தப்பா தொடையைத் தட்டிக்கொண்டார். வழியெல்லாம் அவரால் முடியாததை ஒரு சின்னப் பிள்ளை செய்துவிட்டது.  மச்சான் பாப்பாவின் மொட்டைத் தலையைத் தடவிக்கொடுத்துச் சொன்னார்:

"அதத்தான் பாப்பா நானும் சொல்றேன். வேற எவனாலயும் முடியாது."