மூன்று சுழி நோட்டு

கரும்பாறைக் காட்டுக் குளக்கரையில் கூரன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. உடம்பெல்லாம் எழுத்தாணி முளைத்திருந்ததாலோ என்னவோ, எழுத்துப்பிழை என்றால் அதற்கு ஆகாது. "ஐயோ, பல்லத்தில் விழுந்துவிட்டேன்" என்று யாராவது கத்தினால், "பள்ளம்" என்று திருத்திவிட்டுத்தான் கை கொடுக்கும்.

பழைய சிங்கராசா காலத்தில் அந்தக் காட்டில் பலா இலைதான் நோட்டு. காய்ந்த இலையில் மரங்கொத்தி எழுத்துக் கொத்தும். ராசா நகத்தால் ஒரு கீறல் போடுவார். அதைக் கொடுத்தால் ஒரு கூடை கிழங்கு கிடைக்கும். ஒருநாள் ஆடுகள் கஜானாவுக்குள் புகுந்து முக்கால்வாசியை மேய்ந்துவிட்டன. நோட்டு வழக்கம் அத்தோடு ஒழிந்தது. மிஞ்சிய இலைகளைச் சிலர் ஆசைக்குச் சேர்த்துவந்தார்கள்.

கூரனும் சேர்க்கத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு நோட்டுகூடக் கையில் இல்லை. ஆனால் கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கும் மூன்று சோதனைகளும் மனப்பாடம். வெயிலில் பிடித்தால் இலை நரம்பு தெரிய வேண்டும். தடவினால் நரம்பு விரலில் நிரட வேண்டும். எழுத்து சரியாக இருக்க வேண்டும். முதல் இரண்டும் பிறர் சொல்லிக் கேட்டவை. மூன்றாவது கூரனின் சொந்தச் சரக்கு.

அந்த மழைக்காலத்தில் மலைச்சரிவு சரிந்து மேய்ச்சல் நிலம் மண்ணுக்குள் போயிற்று. வெள்ளச்சி என்ற ஆடு வாயில் ஒரு காய்ந்த இலையைக் கவ்விக்கொண்டு கூரனிடம் வந்தது.

"கூரண்ணே, பழைய நோட்டு வாங்குகிறீர்களாமே. இதை வைத்துக்கொண்டு ஒரு கூடை வள்ளிக்கிழங்கு கொடுங்கள். புல் தலைகாட்டும் வரைக்கும் குட்டிகளுக்கு ஆகும்."

கூரன் இலையை வெயிலில் பிடித்தது. நரம்புகள் ஓடை ஓடையாகத் தெரிந்தன. தடவியது. நிரடியது. பிறகு படித்தது. 'அரசர் ஆனை. இதைக் கொண்டுவருபவருக்கு ஒரு கூடை கிழங்கு தருக.'

கூரனின் முட்கள் சிலிர்த்துக்கொண்டன.

"ஆனையா? கட்டளை என்றால் மூன்று சுழி ண போட்டு 'ஆணை' என்று எழுத வேண்டும் அம்மா. இரண்டு சுழி ன போட்டால் யானை. ராசா உத்தரவு போட்டாரா, யானையை அனுப்பினாரா?"

"சுழிக் கணக்கெல்லாம் நான் கண்டேனா? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிற நோட்டு இது."

"ஆட்டு வீட்டில் பலா இலை, அதுவும் மூன்று தலைமுறை! கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொல்லுங்கள், அதையாவது நம்புகிறேன்."

"அதைத்தான் நானும் சொல்கிறேன் அண்ணே. பசியிலும் தின்னாமல் வைத்திருக்கிறோம் என்றால், அது என்ன இலையாக இருக்கும் என்று யோசியுங்கள்."

நல்ல வாதம். ஆனால் அதில் எழுத்துப்பிழை ஏதும் இல்லாததால் கூரன் கவனிக்கவில்லை.

"கள்ள நோட்டு" என்றது, உரக்க. குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளச்சி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இலையோடு திரும்பிப் போயிற்று. திரும்பிப் பார்த்தவர்களில் ஒரு நரியும் இருந்தது.

மறுநாள் காலை அந்த நரி வந்தது. வாழைமட்டையில் பத்திரமாகச் சுற்றிய ஓர் இலையை விரித்துக் காட்டியது. 'அரசர் ஆணை' என்று இருந்தது. மூன்று சுழியும் முறுக்குப் பிழிந்ததுபோல அத்தனை அழகு. கூரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. பின்னால் என்னைக் குறை சொல்லக்கூடாது" என்றது நரி.

"எதற்கு? எழுத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா?"

"படித்தவர் படித்தவர்தான்" என்றது நரி. கூரன் மழைக்காலத்துக்கென்று வைத்திருந்த மூன்று கூடைக் கிழங்கையும் முதுகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மதியம் யானை குளிக்க வந்தது. கூரன் நோட்டை நீட்டியது. யானை கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடியது.

"இதில் எங்களைக் காணோமே?"

"யாரை?"

"எங்களைத்தான். மரங்கொத்தி அந்தக் காலத்தில் ஒரு சுழியை விட்டுவிட்டு 'அரசர் ஆனை' என்று கொத்திவிட்டது. 'கொத்தியது கொத்தியதுதான், கிடக்கட்டும்' என்று ராசா விட்டுவிட்டார். அதைச் சொல்லியே எங்கள் ஆட்கள் இன்றைக்கும் எல்லாக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்காருகிறார்கள். அசல் நோட்டு எதை எடுத்தாலும் இரண்டு சுழிதானப்பா."

கூரன் நோட்டை வெயிலில் தூக்கிப் பிடித்தது. நரம்புகளை வெட்டிக்கொண்டு குறுக்கே நெருக்கமாக வேறு கோடுகள் ஓடின. வாழைச் சருகு! பலா இலை அளவுக்கு நறுக்கி, கரியால் நரம்பு வரைந்திருந்தார்கள். தடவியபோது விரல்தான் கறுத்தது.

ஒரே ஓட்டமாகச் சரிவுக்கு ஓடியது கூரன்.

"வெள்ளச்சி அம்மா, அந்த நோட்டு எங்கே?"

"நீங்கள்தான் கள்ள நோட்டு என்றீர்களே. அப்புறம் அது வெறும் இலைதானே? நேற்றுச் சாயங்காலம் குட்டிகளுக்குப் பாதிப் பாதியாகக் கிழித்துக் கொடுத்துவிட்டேன்."

"அது அசல்" என்றது கூரன்.

"நான் சொன்னேனே அண்ணே" என்றது வெள்ளச்சி.

சின்னக் குட்டியின் வாயோரம் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. அதில் எழுத்து எதுவும் இல்லை. பசி ஆறாத முகத்தோடு அது கூரனைப் பார்த்தது.

கொடுக்கக் கூரனிடமும் ஒரு கிழங்குகூட மிச்சமில்லை. அது அங்கேயே குனிந்து, ஈரமண்ணைத் தோண்ட ஆரம்பித்தது. பொழுது சாயும் நேரத்தில் அகப்பட்ட முதல் கிழங்கைக் குட்டிகளின் முன்னால் கொண்டுபோய் வைத்தது.

அசலில் பிழை இருக்கலாம். நாம் விரும்பியபடியே அச்சாக வந்து நிற்பதைத்தான் இருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்.