மண்டபத்துக்கு வாங்கிய கூரை

சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில் ஆலங்கட்டி மழை கொட்டியது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் கோடையில் இது புதிதில்லை. ஆனால் அந்த முறை விழுந்தது எலுமிச்சங்காய் அளவு. அரை மணி நேரம்கூட இருக்காது. நின்றபோது ஊரில் பாதிக் கூரைகள் பொத்தலாகியிருந்தன.

மலைச்சரிவில் இருந்த மடத்தையும் அது விட்டுவைக்கவில்லை. தியான மண்டபத்தின் சிமெண்ட் ஷீட்டுகள் உடைந்து, பாய்களின் மேல் பனிக்கட்டி குவிந்து கிடந்தது. மடத்தம்மா ஒரு முறத்தை எடுத்து வந்து வாரி வெளியே கொட்டினார்.

அவர்தான் மடத்தின் தலைவி. ஐம்பது வயது. பிரசங்கம் செய்ய மாட்டார். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் சமையல் வேலையைப் பார்ப்பார்.

அவருடைய சீடர் திருவேங்கடம் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஊரில் ஹார்ட்வேர்ஸ் கடை வைத்திருந்தார். மனைவி காலமான பிறகு கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, பற்றை விடுவது எப்படி என்று கற்றுக்கொள்ள மடத்துக்கு வந்து சேர்ந்தார். காவி கட்டவில்லை, வெள்ளை வேட்டிதான். ஆனால் முகத்தில் ஒரு சாமியார் களை வந்துவிட்டது என்று அவருக்கு ஓர் எண்ணம் உண்டு.

மழைக்கு மறுநாளிலிருந்து மடத்துக்குக் கூட்டம் வந்தது. சாமி கும்பிட அல்ல, திருவேங்கடத்திடம் விலை கேட்க.

"உடைஞ்ச ஷீட்டை மட்டும் மாத்தினா போதுமாங்க?" என்று கேட்டார் ஒரு வீட்டுக்காரர்.

"போதாது. நல்லா இருக்கிற மாதிரி தெரியறதும் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். அடுத்த மழைக்கு அங்கே ஒழுகும். மொத்தமா மாத்து."

"ஆள் கூலியை ரெண்டு மடங்கு கேக்கறாங்க."

"கேக்கத்தான் செய்வாங்க. ஊரே கூரை மேல ஏறியிருக்கு. இப்போ கூலிக்குப் பார்த்தா, அப்புறம் சுவத்துக்கும் சேர்த்துக் கொடுக்கணும்."

"நகையை அடகு வெச்சாத்தாங்க முடியும்."

"வெச்சுப் போடு. குடியிருக்கிற வீடு நனையலாமா?"

எல்லாம் சரியான யோசனைதான். ஒரு பைசா வாங்காமல் சொன்னார். வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கடையில் உட்கார்ந்து சொன்ன காலத்தில் யாரும் கும்பிட்டதில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

நான்காம் நாள் அவர் மடத்தம்மாவிடம் வந்தார்.

"மண்டபத்துக் கூரை என் பொறுப்பு அம்மா. சிமெண்ட் ஷீட் வேணாம். நல்ல கலர் ஷீட்டா, கெட்டியானதா போட்டுடறேன். இனி எந்த ஆலங்கட்டிக்கும் அசையாது."

"கொடுக்கப் போறீங்களா, கொடுத்துட்டீங்களா?"

"கொடுத்தாச்சு அம்மா. இந்த நிமிஷத்துல இருந்து அது மடத்துச் சொத்து."

"நல்லது," என்றார் மடத்தம்மா.

மறுநாள் வண்டியில் நீல நிற ஷீட்டுகள் வந்து இறங்கின. கூடவே ஒரு பெயிண்டரும் வந்தார். மண்டபத்தில் கண் திறக்கும் யாரும் படிக்கும்படி ஒரு ஷீட்டின் அடிப்பக்கத்தில் எழுத வேண்டும் என்றார் திருவேங்கடம். உயரத்தில் தொங்கிக்கொண்டு எழுத முடியாது, மாட்டுவதற்கு முன்பே தரையில் வைத்து எழுதிவிடுகிறேன் என்றார் பெயிண்டர். வெள்ளை எழுத்தில், மேடும் பள்ளமுமான தகரத்தின் மேல் ஏறி இறங்கி எழுதினார். உபயம், ரா. திருவேங்கடம், கீழே கடையின் பெயர், அதற்கும் கீழே போன் நம்பர். கடையை விட்டவர் கடையின் பெயரை எதற்கு எழுதுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் டியூப் லைட் கொடுத்தவரே வெளிச்சம் மறைகிற அளவுக்குப் பெயர் எழுதுகிறார். கூரை கொடுத்தவர் எழுதினால் தப்பா?

பெயிண்ட் காய்வதற்குள் கௌரம்மா வந்துவிட்டாள்.

கீழ் வீதியில் திருவேங்கடத்துக்கு ஒரு பழைய வீடு உண்டு. மண் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். அதில் வாடகைக்கு இருப்பவள் கௌரம்மா. வீட்டிலேயே தையல் தைக்கிறாள். கணவன் மல்லேஷுக்கு ரோஜாத் தோட்டத்தில் வேலை. ஆலங்கட்டி அந்தத் தோட்டத்தின் பிளாஸ்டிக் கூரையைக் கிழித்துவிட்டதால் அந்த வேலையும் இப்போது இல்லை.

"ஐயா, நாலு பக்கமும் உடைஞ்சிருக்குங்க. தார்ப்பாய் கட்டிப் பார்த்தோம், காத்து தூக்கிட்டுப் போயிடுச்சு. மிஷினை எந்த மூலையில நகர்த்தினாலும் அந்த மூலையில ஒழுகுது. பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள யூனிபார்ம் தைச்சுக் கொடுக்கணும். துணி நனைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்."

"ஏம்மா, நான்தான் எல்லாத்தையும் விட்டுட்டு இங்க வந்துட்டேனே."

"வீடு உங்களுதுதானுங்களே?"

"கவர்மெண்ட்டுக்கு என்னுது. மனசுல இல்லை. வாடகையைக்கூட நான் கையால தொடறதில்லை. நீயே கொண்டு வந்து மடத்து உண்டியல்ல போடறே. மறுபடியும் வீடு, கூரை, மேஸ்திரின்னு இறங்கினா நான் இங்க வந்ததுக்கு என்ன அர்த்தம்?"

"பாதிச் செலவு நாங்க ஏத்துக்கறோங்க. கடன் வாங்கியாவது கொடுத்துடறோம்."

"இது இயற்கை செஞ்சதும்மா. நீயும் பண்ணலை, நானும் பண்ணலை. வி.ஏ.ஓ. எழுதிட்டுப் போயிருக்கார். நிவாரணம் வரும்."

கௌரம்மா அடுக்கி வைத்திருந்த நீல ஷீட்டுகளைப் பார்த்தாள். மேலே இருந்த ஷீட்டில் எழுதியிருந்ததையும் பார்த்தாள்.

"மனசுல இல்லாத வீட்டுக்கு வாடகை மட்டும் எதுக்குங்க?" என்றாள்.

"அது சாமிக்கு."

அவள் திரும்பி நடந்தாள். சமையற்கட்டின் வாசலில் உட்கார்ந்து மடத்தம்மா பூசணி நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழும் தூரம்தான்.

சற்று நேரம் கழித்துத் திருவேங்கடம் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மனசு கலங்கிப்போச்சு அம்மா. நான் வீட்டை விட்டுட்டேன். வீடு என்னை விட மாட்டேங்குது. என்ன செய்ய?"

"விட்டுடலாம். பட்டா யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான்."

"குடியிருக்கிறவங்க பேருக்கே மாத்திடலாமா?"

திருவேங்கடத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"மகனைக் கேக்கணும் அம்மா. இப்போ அந்தப் பக்கம் சென்ட் என்ன விலை போகுதுன்னு..."

"கேளுங்க," என்று சொல்லிவிட்டு மடத்தம்மா அடுத்த துண்டைக் கையில் எடுத்தார்.

மறுநாள் காலை திருவேங்கடம் ஓசூருக்குக் கிளம்பினார். பேரனுக்குக் காது குத்து. பற்றை விட்டவர் என்றாலும் தாத்தா இல்லாமல் காது குத்த முடியுமா? கூரை மாட்டும் மேஸ்திரி முனிரத்தினத்திடம், தான் திரும்பி வருவதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. நேராக மண்டபத்துக்குப் போனார். கூரையின் ஓட்டைகள் அப்படியே இருந்தன. வானம் தெரிந்தது. பாய்களைக் காணோம். நீல ஷீட்டுகளையும் காணோம்.

மடத்தம்மா சமையற்கட்டில் இருந்தார். பாய்கள் எல்லாம் அங்கே ஓரமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

"அம்மா, ஷீட் எங்கே? முனிரத்தினம் வரலையா?"

"வந்தார். போட்டாச்சு."

"எங்கே போட்டாச்சு?"

"கீழ் வீதியில. கௌரம்மா இருக்கிற வீட்டுக்கு."

திருவேங்கடத்தின் முகம் சிவந்தது. மடத்தில் சேர்ந்த பிறகு முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

"அது மண்டபத்துக்கு வாங்கினது அம்மா!"

"மடத்துச் சொத்துன்னு சொன்னீங்க."

"சொன்னேன். அதுக்காக..."

"வீட்டை நீங்க விட்டுட்டீங்க. வாடகை மடத்துக்கு வருது. வாடகை வாங்கறது நான்னா வீட்டுக்காரியும் நான்தானே? வீட்டுக்காரி கூரை போட்டேன். இதுல என்ன தப்பு?"

திருவேங்கடத்துக்குக் கோபம் வந்தது. குடையைக்கூட எடுக்காமல் சரிவில் இறங்கினார். அந்த ஷீட்டுகளைக் கழற்றிக் கொண்டுவந்து மண்டபத்திலேயே மாட்டிவிடுவது என்ற முடிவோடுதான் போனார்.

கௌரம்மாவின் வீட்டுக்குள்ளிருந்து தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவரைக் கண்டதும் அவள் எழுந்து நின்றாள்.

"வாங்க ஐயா."

அவர் உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தார். மிஷினுக்கு நேர் மேலே அந்த ஷீட். வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரிந்தது. முனிரத்தினம் வேண்டுமென்று செய்தாரா, தற்செயலா, தெரியாது.

"அக்கம்பக்கம் எல்லாம் வந்து படிச்சுட்டுப் போறாங்கய்யா," என்றாள் கௌரம்மா. "வாடகை இல்லாம சும்மா விட்டிருக்காரான்னு என்னைக் கேக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? உபயம்னு எழுதியிருக்கே. நாங்க ஒரு மாசம் தவறினதில்லைங்க. வேலை இல்லாத இந்த மாசமும் மல்லேஷோட சைக்கிளை வித்து உண்டியல்ல போட்டோம். அதை எங்க எழுதி வெக்கிறது?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நூல் அறுந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

அவர் சுவரில் கையை ஊன்றினார். மண் ஈரமாகக் கையோடு வந்தது. கீழே ஓர் அடி உயரத்துக்குச் சுவர் ஊறி உப்பியிருந்தது. ஒரு மூலை சரிந்து, அதற்கு முட்டுக்கொடுத்து ஒரு பலகை வைத்திருந்தார்கள். இன்னும் இரண்டு மழை நனைந்திருந்தால் அந்தச் சுவர் நின்றிருக்காது. இத்தனை நாளும் ஊரில் ஒவ்வொருவருக்கும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். திருவேங்கடத்துக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பெண் பிள்ளையின் முன்னால் நிமிர்ந்து பார்க்க முடியாத வெட்கம்.

"தின்னர் இருக்கா?" என்றார்.

"மண்ணெண்ணெய் கொஞ்சம் இருக்குங்க. எதுக்கு?"

"ஒரு பழைய துணியும் கொடு."

முக்காலியின் மேல் ஏறி நின்று தேய்த்தார். நல்ல பெயிண்ட், இவர் கடைச் சரக்குதான். எளிதில் போகவில்லை. கை வலிக்கத் தேய்த்து 'உபயம்' என்பதை மட்டும் அழித்தார். பெயருக்கு வருவதற்குள் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது.

"நாளைக்கு வந்து மிச்சத்தையும் அழிச்சுடறேன்."

"பேரும் போன் நம்பரும் இருக்கட்டும் ஐயா," என்றாள் கௌரம்மா. "எங்கயாவது ஒழுகினா கூப்பிடலாம்."

அவர் முக்காலியிலிருந்து மெதுவாக இறங்கினார்.

மடத்துக்கு வந்தபோது மடத்தம்மா இருந்த இடத்திலேயே இருந்தார். திருவேங்கடம் நின்றபடியே பேசினார்.

"அந்த ஷீட்டுக்கு உண்டான பணத்தை மடத்துக்குக் கட்டிடறேன் அம்மா."

"கொடுத்ததுக்கே மறுபடியும் பணமா? எதுக்கு?"

"அந்தக் கூரையை நான் போட்டிருக்கணும். சுவரும் ஊறிக் கிடக்கு. நாளைக்கே கொத்தனாரைக் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க எதுக்குப் போகணும்?"

திருவேங்கடம் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அது என் வீடு அம்மா."

மடத்தம்மா தலையசைத்தார்.

"சரி. இனிமே அதை விடறதைப் பத்திப் பேசலாம்."