சத்தமில்லாத கீபோர்டு

கீபோர்டைக் குரங்கு கொண்டுபோய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

தென்காசிப் பக்கம், மலைக்கு ஏறும் சாலையில், கடைசி பஸ் நிறுத்தத்துக்கும் மேலே ஒரு நீள அறை. சனிக்கிழமை மதியங்களில் அமலோற்பவம் டீச்சரிடம் கேள்வி கேட்க அங்கே ஆட்கள் வருவார்கள். டீச்சர் முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். இப்போது எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பார். கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான்.

அவர் பேசப் பேச, தனுஷ்கோடி அதைக் கம்ப்யூட்டரில் அடிப்பார். அடித்தது புரொஜெக்டர் வழியாக வெள்ளையடித்த சுவரில் விழும். தனுஷ்கோடி தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அப்பா வயது. ஆனாலும் அவர்தான் சீடர். அவருடைய விரல்கள் பேச்சைவிட ஒரு வார்த்தைதான் பின்னால் வரும்.

சுவரை வாசிப்பது ஒரே ஒருத்தி. செண்பகவடிவு. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. பேச்சு போகவில்லை. ஆனால் குரல் எவ்வளவு ஏறுகிறது என்று அவளுக்குத் தெரியாததால், ரகசியத்தைக்கூட ஊருக்கே கேட்கும்படி சொல்வாள்.

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருவாள். வீட்டில் பிள்ளை தூங்கும்போது அவன் காலில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வாள். அழுது காலை உதறினால் தெரிய வேண்டுமே. அந்த அறையில் மட்டும் நூல் கிடையாது. பிள்ளை அழுதால், தனுஷ்கோடி டீச்சரின் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ‘பிள்ளை அழுகிறான்’ என்று அடிப்பார். அவள் எழுந்துபோய்ப் பார்ப்பாள். பிறகுதான் வாக்கியத்தின் மீதி வரும்.

குரங்கு ஜன்னல் வழியாக வந்தது. கீபோர்டை வயரோடு இழுத்துக்கொண்டு மாமரத்தில் ஏறி, ஒவ்வொரு எழுத்துக் கட்டையாகப் பிடுங்கி, கடித்துப் பார்த்துத் துப்பியது.

“ருசி பிடிக்கல போல” என்றார் டீச்சர்.

எல்லோரும் சிரித்தார்கள். வடிவு எல்லோருடைய முகத்தையும் பார்த்துவிட்டுத் தானும் சிரித்துவைத்தாள்.

இந்த முறை நல்லதாக, ஒரு மெக்கானிக்கல் கீபோர்டாக வாங்கிவிடலாம் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் தனித்தனி சுவிட்ச், தனித்தனி ஸ்பிரிங். நாள்படத் தாங்கும். தனுஷ்கோடியின் விரல் மூட்டுகளுக்கும் இதம். அறை உண்டியலில் சேர்ந்திருந்ததற்குள் அடங்குகிற மாதிரியே, சுவிட்ச்சின் நிறத்தை வைத்து நீலம், சிவப்பு, பழுப்பு என்று பல வகை இருந்தன. அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார்.

வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்தார். கட்டைகளின் சத்தத்தை மட்டும் பதிவுசெய்து போட்ட வீடியோக்களை இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டார். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தூங்கப் போவார். காலையில் அதைக் குறைசொல்லி ஒருவன் எழுதியிருப்பான்.

மூன்றாவது சனிக்கிழமை வடிவு அவரை வாசலிலேயே பிடித்தாள்.

“அண்ணாச்சி, கீபோர்டு வந்துட்டா?”

அடுத்த வாரம் என்று அவர் கையைக் காட்டினார்.

“போன வாரமும் இப்படித்தான் கையக் காட்டினிய. சுவரு சும்மா கெடக்கு. நானும் சும்மா உக்காந்துட்டுப் போறேன். எதுக்குப் பிள்ளையத் தூக்கிட்டு அலையுதன்னு வீட்டுல அத்தை கேக்காங்க. அடுத்த வாரம் ஒரு தடவ வாறேன். அன்னைக்கும் சுவரு வெறுஞ்சுவரா இருந்தா, அதுக்கப்புறம் வரல.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். உள்ளே இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

தனுஷ்கோடி நேராக டீச்சரிடம் போனார்.

“டீச்சர், எனக்கு ஒரு வழி சொல்லணும். நீலச் சுவிட்ச்சுல அடிச்சா விரலுக்கு நல்லாத் தெரியுது. ஆனா சத்தம். சிவப்புல சத்தம் இல்ல, விரல் பட்டாலே எழுத்து விழுந்துருது. பழுப்பு ரெண்டுக்கும் நடுவுலங்காங்க. நடுவுலயா, ரெண்டுங்கெட்டானான்னு ஒருத்தனும் உறுதியாச் சொல்ல மாட்டேங்கான்.”

“நான் ஒத்த விரல்ல என் பேர அடிச்சு முடிக்கதுக்குள்ள கரண்டு போயிரும். என்கிட்டப் போயிக் கேக்கீங்களே.”

“தப்பா வாங்கிட்டா? எல்லாரும் போட்ட துட்டு டீச்சர். சத்தமா இருந்துட்டா, நீங்க பேசுதது யாருக்கும் கேக்காமப் போயிரும். பயமா இருக்கு.”



“கடையில கேட்டு மூணையும் கொண்டாங்க” என்றார் டீச்சர்.

தென்காசிக் கடைக்காரர் தெரிந்தவர். காப்பி கீப்பி சிந்தாமல், இரண்டைச் சாயங்காலமே திருப்பித் தந்துவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை, அறையின் நடுவில் ஒரு நீளப் பெஞ்சைப் போட்டு, அதன்மேல் மூன்று கீபோர்டுகளையும் வரிசையாக வைத்தார் தனுஷ்கோடி. வடிவு பிள்ளையைப் பின்னால் தொட்டிலில் போட்டுவிட்டு முன்வரிசைக்கு வந்தாள். மூன்றையும் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. காலை மடக்கி, சுவரைப் பார்த்து வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

தனுஷ்கோடி முதலாவதில் அடித்தார். சுவரில், ‘இது நீலம். இது நீலம்’ என்று வந்தது.

“எய்யா, நிறுத்தும்” என்றார் மருந்துக்கடை பிரமநாயகம். “சட்டியில சோளம் பொரியுத மாதிரில்லா இருக்கு.”

“நாம டீச்சர் பேசுததக் கேக்க வந்தோமா, இவரு அடிக்கதக் கேக்க வந்தோமா?” என்றாள் தையல்காரி சொர்ணம்.

தனுஷ்கோடி அடுத்ததற்குப் போனார். பிரமநாயகம் கண்ணை மூடிக் கேட்டார். முகத்தில் ஒரு நிம்மதி பரவியது.

“ஆங். இதுதான். ஆள் இருக்கதே தெரியல.”

சுவரில், ‘இது சிவப்ப்ப்பு’ என்று விழுந்திருந்தது.

“என்ன அண்ணாச்சி, குளிருதா?” என்றாள் சொர்ணம்.

“விரல லேசா வச்சு அடிக்கணும். பழகணும்” என்றார் தனுஷ்கோடி.

“நீரு லேசா வச்சுப் பழகதுக்குள்ள டீச்சர் பேசி முடிச்சு வீட்டுக்குப் போயிருவாங்க.”

மூன்றாவது.

“இது பரவால்ல” என்றார் பிரமநாயகம்.

“என்னத்தப் பரவால்ல? இதுவும் சத்தந்தான். கொஞ்சம் மரியாதையான சத்தம்.”

“அடியில ஒரு துண்ட மடிச்சு வச்சுப் பாரும்.”

தனுஷ்கோடி தோளில் கிடந்த துண்டை மடித்து வைத்தார். மறுபடி அடித்தார். இன்னொரு மடிப்பு மடித்தார். மறுபடி அடித்தார். ஆளுக்கு ஒரு பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு கேட்டார்கள். பின்னால் தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. பிறகு அழுதது.

“யாராவது அந்தப் பிள்ளையத் தூக்குங்களேன்” என்றார் பிரமநாயகம், கண்ணைத் திறக்காமலே. “கீபோர்டு சத்தம் கேக்க மாட்டேங்கு.”

தனுஷ்கோடி குனிந்தபடி அடித்துக்கொண்டிருந்தார். பிள்ளை வீறிட்டு, இருமி, மறுபடி வீறிட்டது. கடைசியில் சொர்ணம்தான் போய்த் தூக்கி வந்து வடிவின் மடியில் விட்டாள்.

வடிவு திடுக்கிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். கன்னம் கழுத்தெல்லாம் நனைந்திருந்தது. மூச்சு விக்கி விக்கி வந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள்.

சுவரில், ‘இது பழுப்பு’ என்று இருந்தது.

“எப்பருந்து அழுதான்?” என்று கேட்டாள்.

சொர்ணம் தனுஷ்கோடியைப் பார்த்தாள்.

 தனுஷ்கோடி கட்டைகள்மேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த கேள்வியையே மறுபடி கேட்டார்.

“டீச்சர், நீங்களே சொல்லிருங்க. இதுல எது நல்லது?”

டீச்சர் பேச ஆரம்பித்தார். உதடு அசைந்தது. கை அசைந்தது. புருவம் ஏறி இறங்கியது. குரல் மட்டும் வரவில்லை.

தனுஷ்கோடி முன்னால் சாய்ந்தார்.

“டீச்சர், கேக்கல.”

டீச்சர் தலையாட்டிக்கொண்டே தொடர்ந்தார். ஒரு விரலை மடக்கினார், இன்னொரு விரலை மடக்கினார். ஏதோ முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டவர்போல நிறுத்தி, எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி உதட்டை அசைத்தார்.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க டீச்சர்.”

பிரமநாயகம் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார். சொர்ணம் பக்கத்தில் இருந்தவளிடம், “உனக்குக் கேக்குதாட்டி?” என்று கிசுகிசுத்தாள். வேடிக்கை என்று முதலில் சிரித்தார்கள். டீச்சர் நிறுத்தவில்லை. சிரிப்பு அடங்கியது. ஒருவர் எழுந்து நின்று பார்த்தார். ஒருவர் எரிச்சலோடு வாசலைப் பார்த்தார்.

வடிவு மட்டும் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று வாய்விட்டுச் சிரித்தாள்.

“என்ன சொல்லுதாங்க?” என்று பிரமநாயகம் அவளிடமே கேட்டார். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, கையால் ஜாடை காட்டினார்.

“பாதிதான் பிடிச்சேன்” என்றாள் வடிவு. “பாதிக்கே சிரிப்பு வந்துட்டு.”

டீச்சர் உதட்டை மூடினார். செம்பில் இருந்த தண்ணீரைக் குடித்தார்.

“எனக்கு ஒண்ணுமே கேக்கல டீச்சர்” என்றார் தனுஷ்கோடி.

“நீங்க கேள்வி கேட்டீங்க. நான் பதில் சொல்லிட்டேன்.”

 தனுஷ்கோடி எதிரில் இருந்த கீபோர்டை இழுத்தார். அது எந்த நிறம் என்று பார்க்கவில்லை.

சுவரில் எழுத்து வந்தது. ‘வடிவு, பிள்ளை ரொம்ப நேரம் அழுதான். நான்தான் அடிக்கவில்லை.’

கொஞ்சம் இடைவெளி. பிறகு அடுத்த வரி. ‘உனக்கு எது வேணும்?’

வடிவு இரண்டு தடவை வாசித்தாள்.

“எனக்கா?” என்றாள். கூரை ஓடு அதிர்ந்தது.

எழுந்து வந்து பெஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் கிடத்தி, முந்தானையால் மூடிப் பால் கொடுக்க ஆரம்பித்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. இடது உள்ளங்கையை மட்டும் பெஞ்சின் மரத்தில் பதித்துக்கொண்டாள்.

“ஒவ்வொண்ணா அடிங்க அண்ணாச்சி.”

சிவப்பில் அடித்தார்.

“அடிங்க.”

“அடிச்சுட்டுத்தாம்மா இருக்கேன்” என்றவர், நிறுத்திவிட்டுப் பழுப்புக்குப் போனார். துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

“இப்ப என்னமோ வருது. எறும்பு ஊருத மாதிரி.”

நீலத்தில் அடித்தார். டக்டக்கென்று கட்டைகள் இறங்கி ஏறின. மரம் அதிர்ந்தது. வடிவு சட்டென்று தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். முதல் வார்த்தை அப்போதுதான் அங்கே முடிந்துகொண்டிருந்தது.

“இது” என்றாள். “பிள்ளைக்குப் பால் குடுக்கயில குனிஞ்சேதான இருப்பேன். எப்ப நிமிரணும்னு தெரியாது. நிமிந்து பாக்கதுக்குள்ள நாலு வரி மேல ஓடிப்போயிருக்கும். இதுன்னா நீங்க தொடங்கினதும் கையில தெரியுது.”

“மூணுல அதப் போயா எடுத்தா!” என்றாள் சொர்ணம்.

தனுஷ்கோடி மற்ற இரண்டையும் பெட்டியில் வைத்து மூடினார். மூன்றில் விலை குறைந்தது நீலம்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரமாக அதை முதலிலேயே தள்ளிவைத்திருந்தார். சிரித்துக்கொண்டார்.

“யாருக்காவது கேக்க என்னமும் இருக்கா?” என்றார் டீச்சர்.

“எனக்கு இருக்கு” என்றாள் வடிவு. கை பெஞ்சில்தான் இருந்தது. “டீச்சர், இவன் நல்லாத் தூங்கும்போதும் எனக்குப் பயமாவே இருக்கு. மூச்சு வருதா வருதான்னு மூக்குல விரல வச்சு வச்சுப் பாக்கேன். இது எப்பப் போகும்?”

டீச்சர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். எப்போதும் போலத் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார். தனுஷ்கோடியின் பத்து விரல்களும் பின்தொடர்ந்தன. வறுசட்டியில் சோளம் பொரிந்தது. சுவரில் எழுத்து வரி வரியாக ஏறிக்கொண்டிருந்தது. வடிவு வாசித்தாள். வாசிக்க வாசிக்க, தூக்கிப் பிடித்திருந்த அவள் தோள் மெல்லத் தளர்ந்தது.

பின்வரிசையில் பிரமநாயகம் காதைக் குவித்தார், நகர்ந்து உட்கார்ந்தார், கழுத்தை நீட்டினார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் கையைத் தூக்கினார்.

“டீச்சர், ஒரு நிமிஷம். இந்தச் சத்தத்துல நீங்க சொல்லுதது எங்களுக்கு எப்படிக் கேக்கும்?”

“சுவரைப் பாருங்க” என்றார் டீச்சர்.