கட்டிப்போட்ட கன்னு

ஒரு சொட்டு கூட வரல!

கொம்புல மஞ்சள், நெத்தியில குங்குமம், கழுத்துல பூமாலைன்னு மேளதாளத்தோட வந்து நின்ன பசு, செம்பை எட்டி உதைச்சுட்டு, வந்த பாதையையே திரும்பித் திரும்பிப் பாத்துக் கத்துது. ஊரே சுத்தி நின்னு பாக்குது. கொண்டுவந்த கொண்டையனுக்கு முகமெல்லாம் வேர்த்துப்போச்சு.

இதெல்லாம் எப்போன்னு கேக்குறீங்களா? எந்த ராஜா ஆண்டார்னு யாருக்குமே ஞாபகம் இல்லாத அவ்வளவு பழைய காலம்! அந்த நாட்டுல ஒரு வழக்கம். தங்கச்சிக்குத் தலைப்பிள்ளை பொறந்தா, தாய்மாமன் கறவைப் பசு சீர் கொண்டு போகணும்.

கொண்டையனோட தங்கச்சி அழகாயிக்கு அப்பத்தான் பொம்பளப் புள்ள பொறந்திருந்துச்சு. புள்ள பொறந்த கையோட அழகாயிக்குக் காய்ச்சல், பால் வத்திப்போச்சு. அவ வாக்கப்பட்ட ஊரு ஆடு மாடெல்லாம் பஞ்சத்துல செத்தாச்சு. இந்தப் பசுவை விட்டாப் புள்ளைக்கு வேற வழியே இல்ல.

கொண்டையனும் நல்ல பசுவாத்தான் பாத்துக் குடுத்தான். ஆனா அதோட கன்னை மட்டும் வீட்டுலயே கட்டிப்போட்டுட்டான். கிடேரிக் கன்னு. வளந்தா அதுவும் ஒரு பசு. ஊரு பசுவைத்தானே பாக்கும், கன்னையா தேடப்போகுதுன்னு ஒரு நினைப்பு.

"கன்னு எங்க மச்சான்?"னு அழகாயி புருஷன் சடையன் கேட்டான்.

"கன்னு எதுக்கு மாப்ள? புது இடம், மிரளுது. நாளைக்குச் சுரக்கும் பாரு."

கொண்டையன் வீடு திரும்பின முதல் நாளே சடையன் ஓடிவந்தான். "சுரக்கல மச்சான். கன்னைக் குடுங்க." கொண்டையன் கன்னு கழுத்து மணியை மட்டும் கழட்டிக் குடுத்தான். "இதை ஆட்டு, சத்தம் கேட்டா சுரந்துடும்." சுரக்கல.

ரெண்டாம் நாளும் ஓடிவந்தான். "புள்ளைக்கு அழக்கூடத் தெம்பு இல்ல மச்சான்." கொண்டையன் வைக்கோல்ல ஒரு கன்னு கட்டிக் குடுத்தான்.

"இதைப் பாத்து மாடு ஏமாறுமா?"

"மாட்டுக்கென்ன தெரியப்போகுது, கொண்டு போ!"

பசு ஒரு தடவை மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு.

மூணாம் நாள் யாருமே வரல.

வெயில் ஏற ஏற கொண்டையன் பாதையையே எட்டி எட்டிப் பாத்தான். இப்போ வந்து கேட்டா உடனே குடுத்துடலாமேன்னு வாசலுக்கும் கொட்டிலுக்கும் நடந்தான். பாதை காலியாவே கெடந்துச்சு. கன்னைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஒரே ஓட்டம்.

தங்கச்சி வாசல்ல கன்னை எறக்கினதுதான் தாமதம், பசு பாஞ்சு வந்து நக்குச்சு. மடி தானாச் சுரந்து மண்ணுல வழிஞ்சுது. வீட்டுக்குள்ள சத்தமே இல்ல. தூளியை அவுத்து மடிச்சு வச்சிருந்தாங்க.

அழகாயி வெளிய வந்தா. உக்காந்து, செம்பு நிறையக் கறந்து, நுரையோட அண்ணன் முன்னால வச்சா.

"குடிண்ணே. உன் பசு, உன் கன்னு. இங்க குடிக்க இனிமே யாரும் இல்ல."

அவனால செம்பைத் தொட முடியல. தங்கச்சி முகத்தை நிமிந்து பாக்கவும் முடியல. பால் ஆறி நுரை அடங்குற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தான்.

ஊரு பாக்கக் குடுக்கறது பரிசு இல்ல, வாங்குறவங்க தேவை தீர முழுசாக் குடுக்கறதுதான் பரிசு.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா? அரைமனசாக் குடுத்துட்டு, மிச்சத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிருக்கா?