கரையடி விருந்தாளி

டும்... டும்... டும்டும்! ஆளைக் காணும் முன்பே முரசு காதில் விழும்; விழுந்ததும் வேங்கைநாட்டு ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அந்த நாட்டை ஒரு காலத்தில் மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், காலை வேளையில். மத்தியானத்துக்கு மேல் எப்படியிருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது.

அவன் யானைமேலிருந்து வழுக்கி விழுந்ததை எவனோ அரண்மனை ஓலையில் படித்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். அன்றைக்கே முரசு அறைந்தார்கள்: "ஓலையில் இருப்பதை வெளியே சொல்பவர் நாக்கு அறுபடும்!"

ஓலை அறையில் மை தடவுகிறவள் பூவாயி. எழுத்தாணி கீறிய எழுத்து லேசில் கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால்தான் கறுத்து எழும்பும். இருபது வருஷம் தடவித் தடவி, யாரும் சொல்லித்தராமலே அவளுக்கு வாசிக்க வந்துவிட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

ஐப்பசி பிறந்த அன்று அவள் விரலடியில் ஓர் ஓலை எழும்பியது. ஏரிக் காவலன் எழுதியது: 'வடக்கு மதகருகே கரை உள்ளுக்குள் அரித்துவிட்டது. அடைமழைக்கு நிற்காது.'

கரையடியில் நாற்பது வீடு. அதில் ஒன்றில் அவள் மகள், பத்து நாள் பிள்ளையோடு.

"என்ன மைக்காரி, ஓலையை முறைக்கிறே? வாசிக்கிறியோ?"

பின்னால் பஞ்சவர்ணர் நின்றார், ஓலை அறைக்கெல்லாம் தலைவர்.

"எழுத்து நமக்கெதுக்கு சாமி? கரி பிடிச்சிருக்கான்னு பார்த்தேன்."

அவர் பிடுங்கிப் படித்தார். முகம் வெளிறியது. போன மாசம்தான் ராஜாவிடம் "கரை மலை மாதிரி நிற்கிறது" என்று சொல்லிப் பட்டுச் சால்வை வாங்கியிருந்தார். ஓலையைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வெளியே தூறல் ஆரம்பித்தது. மகளிடம் சொல்லலாம், நாக்கு போகும். போனால் போகட்டும் என்றாலும், கையில் ஓலை இல்லாமல் ஒரு மைக்காரி பேச்சை நம்பி எந்த ஊர் வீட்டைக் காலி செய்யும்?

மறுநாள் ராஜாவின் பிறந்தநாள். வேலைக்காரர்கள் ஆளுக்கொரு வரம் கேட்கலாம். பிடித்தால் கிடைக்கும், பிடிக்காவிட்டால் சவுக்கு.

பூவாயி கும்பிட்டாள். "மகாராஜா, கரையடியில ஒரு மண்டபம் சும்மா கிடக்கு. பஞ்சவர்ணர் சாமி குடும்பத்தோட இந்த மழைக்காலம் முழுக்க அங்க வந்து தங்கணும். எங்க மக ஊருக்குப் பெருமையா இருக்கும்."

சபை சிரித்தது. ராஜா தொடையைத் தட்டினான். "பேஷ்! பஞ்சவர்ணரே, இப்போதே கிளம்பும்!"

"பிரபு... எனக்குக் குளிர் ஆகாதே."

"கம்பளி தருகிறேன்."

"வீட்டுக்காரிக்கு முட்டிவலி."

"பல்லக்கு தருகிறேன்."

"என் பிள்ளைகள்..."

"ஏரியைப் பார்த்தால் குதிப்பார்களே!"

மழை கூரையில் இரைந்தது. மத்தியானம் தாண்டிவிட்டது. ராஜாவின் கண் சுருங்கியது. "என் சொல்லைத் தட்டுகிறீரா? கரையடியா, கழுமரமா?"

"கரையடி வேண்டாம் பிரபு! கரை நிற்காது! ஓலையிலேயே எழுதியிருக்கிறது!"

சாவி பறிக்கப்பட்டது. ஓலை வந்தது. ராஜா படித்தான், திரும்பிப் படித்தான். மெல்லப் பூவாயி பக்கம் நிமிர்ந்தான். "உனக்கு இது முன்பே தெரியுமா?"

"நான் எதையும் சொல்லலையே மகாராஜா. விருந்தாளியைத்தானே கேட்டேன்."

ராஜா சிரிக்கவில்லை. "யானையிலிருந்து விழுந்த வெட்கத்துக்கு நாற்பது வீட்டு உயிரை ஓலைக்குள்ளே பூட்டி வைத்தேனே" என்றான். குதிரைகள் கரையடிக்குப் பறந்தன. முரசு அறைந்தபடி, ஓலையில் இருப்பதைச் சொன்ன நாக்கை அறுக்கக் கத்தியோடு ஓர் ஆள் பஞ்சவர்ணரை நெருங்கினான்.

"அந்த நாக்கு வேணும் மகாராஜா," என்றாள் பூவாயி. "ஊர் ஊராப் போய் ஏரி ஓலையைச் சத்தமா வாசிக்க ஆள் வேணுமில்ல?"

மூன்றாம் நாள் கரை உடைந்தது. நாற்பது வீடும் போயின. உள்ளே ஒருவரும் இல்லை.

அப்புறம் முரசு கேட்டால் ஜனங்கள் கதவைத் திறந்தார்கள். மழையில் நனைந்தபடி பஞ்சவர்ணர் தொண்டை கிழிய வாசித்தார். அவருடைய பட்டுச் சால்வையை ராஜா பூவாயிக்குக் கொடுத்தான். அதில் பேரப்பிள்ளையைச் சுற்றிப் படுக்கவைத்துவிட்டு, அவள் ஓலை அறைக்குத் திரும்பினாள். கிண்ணத்தில் கரியைக் குழைத்தாள். அடுத்த ஓலையை எடுத்துத் தடவத் தொடங்கினாள்.