இலைமேல் கை

"ஐயரே, எனக்கு இடம் கிடைக்குமா?"

"பந்தியிலயா?"

"பரலோகத்துல."

அசனப் பண்டிகை அன்று, சபை முழுக்கக் கோயில் வாசலில் உட்கார்ந்து சாப்பிடுகிற வேளையில், அடுப்படியில் நின்று கேட்கிற கேள்வியா இது? ஆனால் கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளைக்கு வேறு நாள் இல்லை. வியாழக்கிழமை அவருக்கு இதயத்தில் ஆபரேஷன். டாக்டரே உறுதி சொல்லவில்லை. மனிதர் நன்றாகப் பயந்து போயிருந்தார்.

சபைப் போதகர் சற்குணம் ஐயர் அவரைவிட இருபது வயது இளையவர். கோயில்பிள்ளையின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

"ஏன் கிடைக்காதுன்னு நெனைக்கீங்க?"

"முப்பது வருஷமா அசனச் சோறு வடிக்கேன். லெந்து நாள்ல உபவாசம் தப்புனதில்ல. கோயில் மணி ஒருநாள் பிந்துனதில்ல. இருந்தாலும் போதுமான்னு தெரியலையே. இன்னும் கொஞ்சம் செய்யணும் போல இருக்கு."

"எவ்வளவு கொஞ்சம்?"

கோயில்பிள்ளை கரண்டியை மறுபடி எடுக்கக் குனிந்தார்.

"வாங்க, வந்து உக்காருங்க."

அவர் பந்தியில் உட்கார்ந்ததே கிடையாது. எல்லாரும் எழுந்தபின் அண்டாவின் அடிச்சோற்றை நின்றபடியே தின்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, சொன்னால் கோபம் வரும்.

ஐயர் விடவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். தானே இலை போட்டார். சோற்று வாளியோடு குனிந்தார்.

கோயில்பிள்ளை பதறிப்போய் இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்தார். பந்தியில் போதும் என்பதற்குக் காட்டுவோமே, அதே கை.

"வேண்டாம் ஐயரே. இன்னும் அண்டா கழுவல."

"யாரு உங்களக் கழுவச் சொன்னா?"

"குழம்ப எறக்கணும்."

"எறக்கியாச்சு."

"அப்ப எல்லாருக்கும் தண்ணியாவது ஊத்திட்டு வந்துருதேன். சும்மா உக்காந்து எப்படித் திங்க?"

ஐயர் நகரவில்லை. கரண்டிச் சோற்றில் ஆவி பறந்தது. வரிசையில் அடுத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சோறு இருக்கு. இலை இருக்கு. உங்களுக்குப் பசி இருக்கு, மூஞ்சியிலயே தெரியுது. நடுவுல உங்க கை மட்டுந்தான் இருக்கு அண்ணாச்சி."

கோயில்பிள்ளை தன் கைகளைப் பார்த்தார். முப்பது வருஷம் கஞ்சி வடித்துக் காய்த்துப்போன கைகள். அவருக்கு அழுகை வந்தது. கூடவே, ஏனென்று தெரியாமல், சிரிப்பும் வந்தது.

கையை எடுத்தார்.

சோறு விழுந்தது. அதன்மேல் ஆட்டுக்கறிக் குழம்பும் விழுந்தது. ஒரு வாய் தின்றார். இன்னொரு வாய் தின்றார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க ஐயரே," என்றார்.